ஸ்ட்ரைக் அப்பாவுக்கு... பட்டினி பிள்ளைகளுக்குமா?

வேலைநிறுத்தம் என்றதும் கொடி, கோஷம், பேச்சுவார்த்தை எல்லாம் செய்தியில் வந்துவிடும். அந்த நாள்களில் வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது என்பது மட்டும் பெரும்பாலும் வராது. சம்பளம் வராத மாதத்திலும் வாடகை, பால், பள்ளிச் செலவு எதுவும் நிற்காதே? அப்படிப்பட்ட குடும்பத்துக்கு அரசு உதவலாமா, கூடாதா? நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டும் நாடு, பிரிட்டன்.

அங்கே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 'யூனிவர்சல் கிரெடிட்' என்ற மாதாந்தர உதவித்தொகை உண்டு. 2013-ல் அறிமுகமான இதை, வேலையில் இருப்பவர்களும் பெறலாம். சம்பளம் குறைந்தால் உதவி கூடும். ஷிஃப்ட் குறைந்து ஒருவருக்கு 100 பவுண்டு போனால், இப்போதைய கணக்குப்படி பெரும்பாலும் 55 பவுண்டு உதவித்தொகையாகத் திரும்ப வரும்.

அதே 100 பவுண்டு ஸ்ட்ரைக்கால் போனால்? ஒரு பென்னிகூடக் கூடாது! ஸ்ட்ரைக் இல்லாவிட்டால் என்ன சம்பாதித்திருப்பாரோ, அதைச் சம்பாதித்ததாகவே கணக்கு போடுகிறது விதி. அதாவது, கைக்கு வராத சம்பளம் கணக்கில் மட்டும் வந்துவிடுகிறது.

2012-ல் இந்த மாற்றத்தை அறிவித்தவர், அப்போதைய அமைச்சர் இயான் டங்கன் ஸ்மித். 'வேலைக்குப் போகாதது தொழிலாளி எடுத்த முடிவு. அதன் செலவை மற்றவர்களின் வரிப்பணம் ஏன் சுமக்க வேண்டும்?' என்பதே இதை ஆதரிப்பவர்களின் வாதம். ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் அல்ல.

ஆனால், பிள்ளைகள் எந்த முடிவும் எடுக்கவில்லையே? இதை 1900-லேயே யோசித்தது ஒரு நீதிமன்றம். வேல்ஸில் நடந்த நிலக்கரிச் சுரங்கப் போராட்டம் தொடர்பான மெர்தர் டிட்ஃபில் வழக்கில், 'உடலில் தெம்புள்ள, வேலை கிடைக்கக்கூடிய தொழிலாளிக்கு நிவாரணம் கிடையாது. மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்' என்று தீர்ப்பு வந்தது.

பிறகு அந்தக் கதவும் பாதி மூடியது. தொழிற்சங்கம் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கொடுத்ததாக வைத்துக்கொண்டு, குடும்பத்தின் உதவித்தொகையில் ஒரு தொகையைப் பிடிக்கச் சொன்னது 1980-ம் ஆண்டுச் சட்டம். 1984-ல் தொடங்கி ஓராண்டு நீண்ட சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின் ஆரம்பத்தில், இப்படிப் பிடிக்கப்பட்டது வாரம் 15 பவுண்டு. அப்போது ஊர் ஊராகப் பொதுச் சமையலறை நடத்தி, உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக் குடும்பங்களைத் தாங்கியவர்கள், அந்தச் சுரங்க ஊர்களின் பெண்கள்தாம்.

2022-ல் ரயில், தபால் ஊழியர்களோடு நர்ஸுகளும் அங்கே போராட்டத்தில் இறங்கினார்கள். அப்போதும் இதே விதிதான். கையில் சேமிப்பு உள்ளவர் பத்து நாள் சமாளிப்பார். உதவித்தொகையை நம்பி மாதத்தை ஓட்டுபவருக்கு இரண்டு நாள் சம்பளம் போனாலே வாடகை இடிக்கும். எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும் விதி, குறைந்த சம்பளக்காரரைத்தான் முதலில் வேலைக்குத் திருப்பி அனுப்புகிறது. சம்பள உயர்வு அதிகம் தேவைப்படுபவரும் அவரேதான்.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. இ.எஸ்.ஐ சட்டப்படி, ஸ்ட்ரைக்கில் இருக்கும் நாள்களுக்கு நோய்க்கால உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது. அதேசமயம், தமிழ்நாட்டு ரேஷன் கடையில் குடும்ப அட்டையைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் இன்று வேலைக்குப் போனாரா என்று கேட்பதில்லை. தொழிலாளியின் கோரிக்கை சரியா, தவறா என்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் முடிவு செய்துகொள்ளலாம். அதுவரை பிள்ளைகளின் சாப்பாட்டுக்கான கணக்கைத் தனியாக வைப்பதுதான் நியாயம்.