வழி அறிந்தவரோடு நடப்போம்

தோட்டப்புறத்தில் நடை என்பது ஒரு காலத்தில் வேலையின் பெயர். நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரத் தொழிலாளி தம் நிரைக்குச் செல்வார். அவர் ஒரு நாளில் 500 மரங்கள் வெட்டினார் என்றும், மரத்துக்கு மரம் 3 மீட்டர் இடைவெளி இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். மரம் வெட்டி முடிக்கும்போது 1.5 கிலோமீட்டர் நடந்திருப்பார். பால் எடுக்க மீண்டும் அதே தூரம். லயத்திலிருந்து நிரைக்கும், நிரையிலிருந்து பால் கொட்டகைக்கும் நடந்தது இக்கணக்கில் சேரவில்லை. அந்தக் கடைசி நடையில் தோளில் காண்டாக் கம்பும், அதன் இரு முனைகளிலும் பால் நிறைந்த வாளிகளும் இருக்கும்.

அத்தகைய குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரோய், சிரம்பான் வட்டாரக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். வாசலில் காரோ மோட்டார் சைக்கிளோ நிற்கிறது. பள்ளிக்கு வேன் வருகிறது. கடைக்குப் போகவும் வண்டிச் சாவியைத் தேடுகிறோம். இந்நிலையில், “வார இறுதியில் தோட்டப்புறத்திலும் காட்டுப் பாதையிலும் நடந்து வரலாம்” என்று ஓர் இளையர் சொன்னால், வீட்டுப் பெரியவர் என்ன சொல்வார்? “நாங்கள் நடந்தது போதாதா? நீங்களாவது உட்கார்ந்து போங்கள்” என்பார். அச்சொல்லில் பாசமும் இருக்கிறது. பட்ட பாடும் இருக்கிறது. இருப்பினும், நாம் மீண்டும் நடக்க வேண்டும் என்பதே என் கருத்து. தனியாக அன்று, நிலத்தை அறிந்த ஒருவரின் வழிகாட்டலோடு நடக்க வேண்டும். அந்த வழிகாட்டி பல வேளைகளில் நம் வீட்டிலேயே இருக்கிறார்.

முதலில் உடல்நலத்தைக் கருதுவோம். சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. 2019-ஆம் ஆண்டு ஆய்வில், நீரிழிவு நோயின் விகிதம் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அதிகமாக இருந்தது. இதற்கு உணவு, மரபு, வாழ்க்கைமுறை எனக் காரணங்கள் பல. அவற்றுள் நாம் எளிதில் மாற்றக்கூடியது உடலுழைப்பு. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது சுறுசுறுப்பாக இயங்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகளோ உறுப்பினர் கட்டணமோ தேவையில்லை. வேகமான நடையே பெரும்பகுதியை நிறைவேற்றிவிடும்.

அந்த நடையைப் பயனுள்ளதாக்கும் ஒரு முறை வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்துள்ளது. ஃபின்லாந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள், பனியில்லாத கோடைக்காலத்தில் தங்கள் கழிகளை ஊன்றி நடந்தும் ஓடியும் பயிற்சி செய்தனர். அப்பயிற்சி பின்னர் பொதுமக்களிடையே பரவியது. 1997-இல் அதற்கென்றே செய்யப்பட்ட கழிகள் அங்கு விற்பனைக்கு வந்தன. இன்று அது ‘நோர்டிக் நடை’ எனப் பல நாடுகளில் அறியப்படுகிறது. சாதாரண நடையில் கால்களே பெரிதும் உழைக்கின்றன. நோர்டிக் நடையிலோ தோள், கை, மார்பு, முதுகுத் தசைகளும் பங்கேற்கின்றன. அமெரிக்காவின் கூப்பர் ஆய்வுக்கழகம் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதே வேகத்தில் கழியின்றி நடப்பதைவிட இம்முறையில் சராசரி 20 விழுக்காடு கூடுதலான ஆற்றல் செலவாகிறது. ஆனால், நடப்பவர் அந்தக் கூடுதல் உழைப்பைப் பெரிதாக உணர்வதில்லை.

இதன் முறை எளியது. நம் உயரத்தை 0.68 ஆல் பெருக்கினால் கழியின் நீளம் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் கழி பொருந்தும். வலக்கால் முன்னே செல்லும்போது இடக்கை முன்னே வரும். கழியை உடலுக்கு முன்னால் செங்குத்தாக ஊன்றக் கூடாது. பின்னோக்கிச் சாய்த்து ஊன்றி, தரையைத் தள்ள வேண்டும். மண் பாதையில் கழியின் கூர்முனை பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் அம்முனைக்கு ரப்பர் உறை மாட்டுவர். முதியோருக்குக் கழிகள் ஊன்றுகோலாகவும் உதவும். இறங்கும்போது சமநிலை தவறாமல் காக்கும். பாட்டியும் பேத்தியும் ஒரே பாதையில் ஒன்றாக நடக்க இது நல்ல வாய்ப்பு. காண்டாக் கம்பின் சுமையைத் தாங்கிய தோளுக்கு, சுமையைக் குறைக்கும் கம்பு ஒன்றைக் கொடுப்பதில் தவறேதும் இல்லை.

ஆயினும், உடற்பயிற்சிக்கு மட்டும் நடப்பதென்றால் விளையாட்டரங்கின் ஓடுதளமே போதும். பாரோயில் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் இருக்கிறது. அதைச் சுற்றி வரலாம். தோட்டப்புறத்துக்கும் காட்டுக்கும் ஏன் போக வேண்டும்? அங்கேதான் வழிகாட்டியின் பங்கு தொடங்குகிறது.

வழிகாட்டியோடு நடப்பது தமிழருக்குப் புதிதன்று. நம் பழந்தமிழ் இலக்கியத்தில் ‘ஆற்றுப்படை’ என்றே ஒரு வகை உண்டு. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்வதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம், நன்னன் என்னும் மன்னனின் மலைநாட்டுக்குக் கூத்தரை வழிப்படுத்துகிறது. எங்கே பாம்பு இருக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எந்த இடத்தில் பாசி வழுக்கும், எங்கே உணவு கிடைக்கும் என்றெல்லாம் அந்நூல் கூறுகிறது. தாம் நடந்து அறிந்ததைப் பிறர் இடறாமல் நடக்கச் சொல்லிக் கொடுப்பதை நம் முன்னோர் ஓர் இலக்கிய மரபாகவே போற்றினர். வகுப்பில் அதை ஓர் இலக்கணக் குறிப்பாக மனனம் செய்கிறோம். காலால் கற்றால் அதன் பொருள் இன்னும் நன்றாக விளங்கும்.

பாரோய் மக்களுக்கு இந்த வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. சிரம்பானிலிருந்து பாரோய் வழியாகக் கோலப்பிலா செல்லும் சாலையில் புக்கிட் புத்துஸ் மலைக்கணவாய் உள்ளது. அதைக் கடந்தால் உலு பெண்டுல் பொழுதுபோக்கு வனமும் அதன் ஓடையும் வரும். அங்கிருந்து 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலைக்குப் பாதை செல்கிறது. காரில் போகும்போது இவையெல்லாம் வளைவுகளும் மரங்களுமாகச் சில நிமிடங்களில் மறைந்துவிடுகின்றன. வழி அறிந்தவரோடு நடந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு செய்தி உண்டு. 1875-ஆம் ஆண்டின் இறுதியில் யாம் துவான் அந்தாவின் படையினருக்கும் பிரிட்டிஷ் படையினருக்கும் பாரோயிலும் புக்கிட் புத்துஸ் கணவாயிலும் சண்டை நடந்தது. கணவாயில் இருந்த அரணைக் கைப்பற்றியதற்காகச் சானர் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி விக்டோரியா சிலுவை விருதைப் பெற்றார். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்று பார்ப்பவருக்கே, கணவாயைக் காத்து நின்றவர்கள் அவ்விடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரியும்.

தோட்டப்புற நடைக்கும் இது பொருந்தும். நிருவாகத்தின் அனுமதியோடு ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குள் செல்லும் மாணவர், வழிகாட்டி இல்லையென்றால் வரிசையாக நிற்கும் மரங்களை மட்டுமே காண்பார். முன்னாள் பால்மரத் தொழிலாளி ஒருவர் உடன் வந்தால் காட்சி மாறும். பட்டையில் வெட்டு ஏன் சாய்வாக இறங்குகிறது, கத்தி ஆழமாகப் பட்டால் மரத்துக்கு என்ன கேடு, விடியுமுன் வெட்டினால் பால் ஏன் நன்றாகச் சுரக்கிறது, இலையுதிர் காலத்தில் பால் ஏன் குறைகிறது என அவர் மரத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்வார். செம்பனைத் தோட்டத்தில் கம்பத்தின்மேல் நிற்கும் மரப்பெட்டி, எலிகளைப் பிடிக்கும் ஆந்தைகளுக்காக அமைத்தது என்பதையும் அவரே சொல்வார். அறிவியல், வரலாறு, மொழி ஆகிய மூன்றும் ஒரு மணி நேர நடையில் சேர்ந்து கிடைக்கின்றன. நிரை, பெரட்டு, காண்டா போன்ற சொற்களும் அவற்றுக்குரிய இடத்திலேயே காதில் விழுகின்றன.

இதை மறுப்போர் உண்டு. இன்பத்துக்காக நடப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பது முதல் மறுப்பு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் நிலக்கிழார்களின் பறவை வேட்டைக்காகப் பூட்டப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24-ஆம் நாள், மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த இளந்தொழிலாளர் நூற்றுக்கணக்கில் திரண்டு, தடையை மீறி அதில் நடந்தனர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1951-இல் அந்த மேட்டுநிலம் உள்ளிட்ட பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. வாரம் முழுவதும் உழைத்தவர்களே ஓய்வு நாளில் நடக்கும் உரிமையைக் கேட்டார்கள். பிறர் விதித்த பாதையில் கூலிக்காக நடப்பது வேறு. தாமே விரும்பிய பாதையில் நடப்பது வேறு. நம் பெரியவர்களுக்குக் கிடைக்காதது இந்த இரண்டாவது நடை. அதை அவர்களோடு சேர்ந்து நாம் நடப்பதே முறை.

ஆபத்து என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமான அச்சம். காட்டில் அட்டை கடிக்கும், பாதை பிரியும், மாலை மழையில் மண் வழுக்கும். கீழே வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழையால் ஓடை திடீரெனப் பெருகலாம். மலாய் மொழியில் இதைக் ‘கெப்பாலா ஆயேர்’ என்பர். ஆகவேதான் வழிகாட்டி வேண்டும் என்கிறேன். மலையேற விரும்புவோர் முன்கூட்டியே வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும். ‘மாலிம் குனோங்’ எனப்படும் தகுதி பெற்ற மலை வழிகாட்டியை அழைத்துச் செல்ல வேண்டும். காலையிலேயே புறப்படுதல், போதிய நீர் எடுத்துச் செல்லுதல், குழுவைவிட்டுப் பிரியாதிருத்தல், நீரின் நிறம் கலங்கினால் உடனே கரையேறுதல் ஆகியவை அடிப்படை ஒழுங்குகள். தொடக்க நிலையினர் மலை உச்சியை நினைக்கவே வேண்டா. 3 கிலோமீட்டர் சமதரைப் பாதையே போதும்.

தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு நேரம் ஏது என்பது மூன்றாவது மறுப்பு. ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமைக் காலைகள் போதும் என்பது என் பதில். பள்ளியின் தமிழ்மொழிக் கழகமும் சீருடை இயக்கமும் இணைந்து இதைப் புறப்பாட நடவடிக்கையாக நடத்தலாம். ஒரு நடை தோட்டப்புறத்தில், மற்றொன்று வனப்பாதையில். ஒவ்வொரு குழுவிலும் ஒரு முதியவர் வழிகாட்டியாக இருக்கட்டும். மாணவர் அவரிடம் கேட்டறிந்த செய்திகளைக் குறிப்பெடுத்துக் கட்டுரையாக்கட்டும். கழிகளை வாங்க இயலாத பள்ளி சில இணைகளை மட்டும் வாங்கி முதியோருக்குக் கொடுக்கலாம். இளையோருக்கு நல்ல காலணி போதும்.

இதில் காலம் தாழ்த்த இயலாத ஒன்று உண்டு. மலை அங்கேயே இருக்கும். பாதையை மீண்டும் செப்பனிடலாம். ஆனால் ரப்பர் நிரைகள் பல செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. அந்த நிரைகளில் நடந்தவர்களுள் பலர் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். எந்த மேட்டில் லயம் இருந்தது, எந்த ஓடையில் நீர் எடுத்தார்கள், எந்த மரத்தடியில் கோயில் எழுந்தது என்பதை வரைபடம் சொல்லாது. அவர்களால்தான் சொல்ல முடியும். அவர்களின் கால்களில் வலு இருக்கும்போதே நாம் உடன் நடக்க வேண்டும். வரும் சனிக்கிழமை தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள்: “நீங்கள் வேலை செய்த தோட்டம் எங்கே இருந்தது? எனக்கு வழி காட்டுவீர்களா?”