வீட்டுக்கு வேண்டியவை: சூரிய மின்சாரத்துக்கு எந்தப் பேட்டரி?



போட்டது போட்டபடி ஊரை விட்டு வந்து, ரங்கூனில் வாடகை வீடு பிடித்திருக்கும் நம் குடும்பங்கள் பலவும் கேட்கும் கேள்வி இது: கரண்ட் போனால் சமாளிக்க என்ன பேட்டரி வாங்கலாம்?

லோப்பித்தா நீர்மின் நிலையத்திலிருந்து இந்த நகரத்துக்கு மின்சாரம் வந்தது 1960இல். ஆனால் 2021க்குப் பிறகு பேட்டைவாரியாக முறைவைத்துத்தான் கிடைக்கிறது. "மீ லா பியீ!" என்று தெருப் பிள்ளைகள் கூச்சலிட்டால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள் நம்மவர்கள். நமக்கு இன்று சூரியத் தகடும் பேட்டரியும் இருக்கின்றன. ஏமாறாமல் வாங்கத் தெரிந்தால் போதும்.

நாங்கள் ஏமாந்தவர்கள். குடிவந்த வருஷம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பேட்டரி வாங்கினோம். அது பழைய கார் பேட்டரி. மேலே புது ஸ்டிக்கர். மூன்றே மாதத்தில், நடுராத்திரியில், அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்து மருந்துப் புகைக் கருவியைப் போட்டபோது இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு அணைந்தது. கீழ்மாடி பர்மியக் குடும்பத்தார் கதவைத் திறந்து தங்கள் பேட்டரியைக் கொடுத்ததால் அன்றிரவு அம்மா பிழைத்தார். அன்று முதல்தான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

முதலில் கணக்கு. மூன்று எல்.இ.டி. பல்பு 27 வாட், மேசை விசிறி 45, இணையப் பெட்டி 10, ஆக 82 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 410 வாட்-மணி. மருந்துப் புகைக் கருவிக்கு 50 சேர்த்தால் 460. இன்வெர்ட்டரில் போகும் சேதாரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 540. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200. ஆனால் ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது. ஆக நம் கைக்கு வருவது 600தான். இந்தக் குடும்பத்துக்கு அது சரியாக இருக்கும். சோற்றுக் குக்கரை அதில் மாட்டாதீர்கள்.

கார் பேட்டரி ஒரு நொடி பலமாக இழுப்பதற்காகச் செய்தது. மெல்ல மெல்ல இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். சூரிய மின்சாரத்துக்கென்றே உள்ள டியூபுலர் பேட்டரி கேளுங்கள். தயாரித்த மாதம் பார்த்து, ரசீதும் வாரண்டிச் சீட்டும் வாங்குங்கள். வோல்ட் மீட்டர் வைத்தால், சார்ஜ் முடிந்து சில மணி நேரம் சும்மா இருந்த நல்ல பேட்டரி 12.6க்குமேல் காட்ட வேண்டும். 12.1 என்றால் பாதி காலி.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை அதிகம். ஆனால் எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், எண்பது சதவீதம் வரை இறக்கலாம், பல மடங்கு வருஷம் உழைக்கும். வாங்கினால் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவியை லித்தியத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இனி பராமரிப்பு. ஈயப் பேட்டரியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். தகடுகள் தண்ணீருக்கு வெளியே தெரியக்கூடாது. குறைந்தால் வாலைநீர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ திராவகமோ வேண்டாம். முனைகளில் பூத்தால், இணைப்பைக் கழற்றிச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்து வாசலின் தடவுங்கள். பழைய பேட்டரியோடு புதியதை இணைக்காதீர்கள். பழையது புதியதையும் கெடுக்கும்.

சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும். சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு இவற்றின் பக்கத்தில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயிலும் ஆகாது: 25 டிகிரிக்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. தின்ஜான் மாத வெயிலில் பால்கனியில் வைத்தால் என்னாகும் பாருங்கள். தரைத்தள வீட்டுக்காரர்கள் மழைத் தண்ணீருக்குப் பயந்து பலகை மேல் வையுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் மூடிக்கிடக்கும். தகட்டை மட்டும் நம்ப முடியாது. கரண்ட் வரும் நேரத்தில் அதிலிருந்தும் சார்ஜ் ஏறும்படி இன்வெர்ட்டர் எடுங்கள். ஈயப் பேட்டரியைக் காலியாகவே நாள்கணக்கில் போட்டுவைத்தால் பிறகு எழும்பாது.

கடைசியாக ஒன்று. செத்த பேட்டரியை வீட்டில் உடைக்க வேண்டாம். செனகல் நாட்டில் தாக்கார் அருகே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த பகுதியில் 2007-2008இல் 18 குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்தார்கள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடைக்குக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நோயாளி இருந்தால், அவருக்கு வேண்டிய கருவியை முதலில் கணக்கில் எழுதுங்கள்; விசிறியும் பல்பும் பிறகு. அடுத்த இதழில் மாடி வீட்டில் சூரியத் தகடு கட்டுவதைப் பற்றிப் பார்ப்போம்.