முதிய காருக்கு எந்த எண்ணெய்?

2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டது முதல், பழைய காரையே பேணிவரும் குடும்பங்கள் பல. இலட்சம் மைல் ஓடிய இயந்திரத்துக்குச் செயற்கை எண்ணெய் ஆகுமா என்பது வாசகர் பலரின் ஐயம்.

முதலில் எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். மாதங் கடந்தும் மட்டம் குறையாதாயின் செயற்கை எண்ணெய் ஊற்றலாம். அது கடும் வெப்பத்திலும் எளிதிற் கெடாது. நீலப் புகை கக்கி எண்ணெயைக் குடிக்கும் இயந்திரத்துக்கோ கனிய எண்ணெயே போதும். எரிந்து போவதற்குக் கூடிய விலை ஏன்? செயற்கை எண்ணெய் ஒழுகும் என்பர் சிலர். குற்றம் தேய்ந்த சீல்களுடையது.

தடிப்பையும் கவனித்தல் வேண்டும். 0டபிள்யூ-20 கேட்கும் புதிய ஜப்பானியக் காரும், 20டபிள்யூ-50 கேட்கும் மொரிஸ் மைனரும் ஒன்றல்ல.

விலையுயர்ந்த எண்ணெயைக் காலங் கடந்து மாற்றுவதினும், மலிவானதைக் காலந் தவறாது மாற்றுவதே மேல் என்போம்.