கிணற்றை மூடுவோம், முற்றத்தைத் திறப்போம்

இன்று நடைபழகும் பிள்ளையை வளர்க்கும் தாய் தந்தையர் பலர், யுத்த காலத்தில் தாமே குழந்தைகளாக இருந்தவர்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது சைக்கிள் பாரில் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் சிலர். 2009 வரை வன்னியில் பதுங்குகுழி வாசலில் விளையாடியவர்கள் வேறு சிலர். "வெளியிலை போகாதை", "ஒண்டையும் தொடாதை", "ஓடாதை, கிட்ட இரு" என்ற சொற்களைக் கேட்டே இவர்கள் வளர்ந்தார்கள். அன்று அச்சொற்கள் உயிர் காத்தன. அவற்றைச் சொன்ன பெற்றோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அதே சொற்கள் இன்று அடுத்த தலைமுறையின் காதிலும் விழுகின்றன. ஒன்றரை வயதுப் பிள்ளை திண்ணைப் படியில் ஏறக் காலைத் தூக்கினால் ஓடிச்சென்று தூக்கிவிடுகிறோம். மண்குவியலில் ஏறினால் அதட்டுகிறோம். நாள் முழுவதும் இடுப்பிலோ பாயிலோ வைத்திருப்பதே பாதுகாப்பு என்று எண்ணுகிறோம். அதேவேளை அந்த வளவின் பின்புறத்தில் கிணறு கட்டில்லாமற் கிடக்கிறது. கட்டிலுக்குக் கீழே சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கிறது. நாம் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறோம் என்பதே எமது கருத்து.

விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு முன் நாம் என்ன செய்கிறோம்? மேடையின் மேலுள்ள நிழலை நீக்குகிறோம், தண்ணீரைக் குறைக்கிறோம், நாற்றை வெயிலுக்குப் பழக்குகிறோம். நிழலிலேயே வளர்ந்த நாற்று வயலில் நடப்பட்ட மறுநாளே சோர்ந்துவிடும். ஆனால் நிழலை எடுக்கும் நாம், ஆடுமாடு புகாதபடி போட்ட வேலியை எடுப்பதில்லை. பிள்ளை வளர்ப்பிலும் நிழலை எப்போது எடுப்பது, வேலியை எங்கே போடுவது என்பதே கேள்வி.

விழுவதும் நடையின் ஒரு பகுதி

அமெரிக்காவில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரன் அடொல்ப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 12 மாதம் முதல் 19 மாதம் வரையான பிள்ளைகள் தம் விருப்பப்படி விளையாடும்போது அவர்களுடைய அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். 2012 இல் வெளியான அந்த ஆய்வின்படி ஒரு பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 2,368 அடிகள் வைக்கிறது; 17 தடவை விழுகிறது. விழுந்த பிள்ளைகள் எழுந்து மீண்டும் நடந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் 17 தடவை விழுவது பிள்ளையின் குறைபாடு அல்ல, தாயின் கவனக்குறைவும் அல்ல. நடை அப்படித்தான் வருகிறது.

அதே ஆய்வாளர் முன்னர் கண்ட இன்னொரு விடயமும் எமக்குப் பயன்படும். பல வாரங்கள் தவழ்ந்து பழகிய பிள்ளை செங்குத்தான சரிவைக் கண்டால் நின்றுவிடும். ஆனால் அதே பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் மீண்டும் துணிந்து இறங்கப் பார்க்கும். தவழும்போது கற்ற அளவு நடக்கும்போது உதவுவதில்லை. அதைப் புதிதாகவே கற்க வேண்டியிருக்கிறது. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளைக்குப் பழகிப் பார்க்க இடம் வேண்டும். "முந்தி இந்தப் பள்ளத்துக்குக் கிட்டப் போகமாட்டான்" என்று போன மாதத்து அனுபவத்தை நம்பி இந்த மாதம் கவனமின்றி இருக்கவும் கூடாது.

எமது முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுகிறது. செங்கீரைப் பருவத்தில் பிள்ளை தலை நிமிர்த்தி ஆடுகிறது; சப்பாணியில் கைகொட்டுகிறது; வருகைப் பருவத்தில் தளர்நடை போட்டு வருகிறது. ஆண்பிள்ளையின் இறுதிப் பருவங்களில் சிறுதேர் உருட்டுதல் உண்டு. பெண்பிள்ளைக்கு ஊசலாடும் பருவம் உண்டு. "பெட்டைப் பிள்ளைக்கு ஏன் இந்த ஏற்றமும் ஆட்டமும்" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் புலவர்கள் பெண்பிள்ளையை ஊஞ்சலில் ஏற்றியே பார்த்தார்கள்.

நம்மிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை விழுந்து அழுதால், "நிலத்துக்கு அடி" என்று நாம் நிலத்தை அடித்துக் காட்டுகிறோம். பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். ஆனால் அது கற்றது என்ன? பிழை நிலத்தில்தான் என்பதை. கால் எங்கே சறுக்கியது என்பதை அது கற்கவில்லை. அதற்குப் பதிலாக, "நோகுதோ? கால் எங்கை சறுக்கினது? காட்டு பாப்பம்" என்று கேட்டால் அந்த விழுகை வீண்போகாது.

அளக்கக்கூடியதும் அளக்க முடியாததும்

ஆபத்துகள் இருவகை. ஒன்று, பிள்ளை தன் கண்ணாலும் கையாலும் அளந்து பார்க்கக்கூடியது. படி எவ்வளவு உயரம், தென்னங்குற்றி எவ்வளவு உருளும், வயல் வரம்பு எவ்வளவு ஒடுக்கம் என்பதை இரண்டு வயதுப் பிள்ளை மெல்ல மெல்ல அளந்து கற்கும். மற்றையது, பிள்ளையால் எவ்வகையிலும் அளக்க முடியாதது. கிணற்றின் ஆழம் அதற்குத் தெரியாது. போத்தலில் இருப்பது தண்ணீரா மண்ணெண்ணெயா என்று தெரியாது. முதல் வகையைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டாவது வகையைப் பெரியவர்கள் முற்றாக அகற்ற வேண்டும். அவ்விடத்தில் "கவனம்" என்று சொல்வது போதாது.

முதலாவது, நீர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 இல் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட பிள்ளை. கைவிடப்பட்ட காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்கள் பற்றை மூடிய கிணறுகளையும் தூர்ந்த குழிகளையும் முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கிணற்றுக்குக் கட்டு எழுப்பப் பணம் இல்லையெனில், கதியால் நட்டு நெருக்கமான வேலி அடைத்துப் படலை போடலாம். வாளியில் ஒரு சாண் தண்ணீர் நின்றாலும் தலைகீழாக விழுந்த பிள்ளைக்கு அது கிணறுதான். வாளியைக் கவிழ்த்து வைப்பதற்குச் செலவில்லை.

இரண்டாவது, மண்ணெண்ணெயும் நெருப்பும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதையும் குடிபானப் போத்தலில் வைக்கக்கூடாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மின்சாரம் இல்லாத வீடுகளில் குப்பிவிளக்கு சரிந்து எத்தனையோ பேர் எரிகாயமடைந்தார்கள். அதைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் குட்டையான, கனமான கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கினார். அதன் இரு பக்கங்களும் தட்டையானவை, எனவே சரிந்தாலும் உருளாது. திருகுமூடி இருப்பதால் எண்ணெய் சிந்தாது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கை அணைத்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. விழுந்தாலும் கொல்லாத விளக்கைச் செய்தார். நாம் முற்றத்திலும் செய்ய வேண்டியது அதுவே. பிள்ளைக்குச் சுட்டுவிட்டால், பற்பசை பூசாமல், சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட வேண்டும்.

மூன்றாவது, நிலத்தில் மறைந்திருப்பவை. மிதிவெடி அகற்றி விடுவிக்கப்படாத நிலத்தில் எந்த வயதினருக்கும் இடமில்லை. விடுவிக்கப்பட்ட நிலத்திலும் பற்றையை வெட்டிப் பாம்பு ஒதுங்கும் குவியல்களை அகற்ற வேண்டும். வேலியோரத்து மஞ்சள் அலரியின் விதை நஞ்சு. அது பிள்ளை கைக்கு எட்டக்கூடாது. தென்னைக்கும் பனைக்கும் நேர் கீழே விளையாட்டிடம் அமைக்கவும் கூடாது.

போருக்குப் பின் ஒரு பிள்ளைகள் இல்லம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம், 1946 இல், ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் எம்மி பிக்லர் என்ற குழந்தை வைத்தியர், பெற்றோரின் பராமரிப்பை இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அவருடைய விதி எளிமையானது. பிள்ளை தானாக அடையாத எந்த நிலையிலும் பெரியவர்கள் அதை வைக்கக்கூடாது. இருக்கத் தெரியாத பிள்ளையைத் தலையணை முட்டுக்கொடுத்து இருத்தவேண்டாம். நடக்காத பிள்ளையைக் கைபிடித்து இழுக்கவேண்டாம். நிலத்தில் விடுங்கள், இடம் கொடுங்கள், அருகில் இருங்கள். தானாக ஏறிய பிள்ளைக்கு இறங்கும் வழியும் பெரும்பாலும் தெரியும். தூக்கி ஏற்றப்பட்ட பிள்ளைக்குத் தெரியாது.

இவ்விதியை எமது முற்றத்துக்கு இப்படிக் கொண்டுவரலாம்:

1. பிள்ளையால் ஏற முடியாத இடத்தில் நாம் ஏற்றிவிடுவதில்லை. ஏறியதை உடனே தூக்கி இறக்குவதும் இல்லை. "திரும்பி, காலைக் கீழை விடு" என்று பின்பக்கமாக இறங்கக் காட்டுவோம்.

2. முதலில் பிள்ளையின் இடுப்பளவு உயரம் போதும். கீழே கல்லும் கொங்கிறீற்றும் இல்லாமல் மணல் பரப்புவோம்.

3. கை எட்டும் தூரத்தில் நிற்போம். ஆனால் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டோம். "விழப்போறாய்!" என்ற கூக்குரலே பிள்ளையின் காலைத் தடுமாற வைக்கும். "மற்றக் காலை எங்கை வைக்கப்போறாய்?" என்று கேட்போம்.

4. வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் சில்லுவைத்த நடைபழகியை மறுப்போம். தன் கால் தாங்காத வேகத்தை அது பிள்ளைக்குக் கொடுக்கிறது. கனடா 2004 இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. பிள்ளை தானே எழுந்து தள்ளிச் செல்லும் எமது மர நடைவண்டி வேறு.

"வைத்தியசாலை தூரம், கூலிநாள் போகும்"

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவோம். பட்டணத்தார் வீட்டுப் பிள்ளை விழுந்தால் வாகனம் இருக்கிறது. எமது பிள்ளை கை முறித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவே அரைநாள் செல்லும். அன்றைய கூலியும் போய்விடும். பிறர் காணியில் குடியிருப்பவருக்கு ஒரு குற்றியை இழுத்துப் போடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டியுள்ளது. இவை உண்மைகள். அதனாலேயே முதலில் கிணறு, பிறகு ஊஞ்சல் என்கிறோம். இடுப்பளவு உயரத்திலிருந்து மணலில் விழும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சிராய்ப்புத்தான் வரும். தலை அடிபட்டபின் மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வழமைக்கு மாறான தூக்கம் கண்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

மறுபக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வயதில் படியில் ஏறிப் பழகாத பிள்ளையும் ஆறு வயதில் மரத்தில் ஏறத்தான் போகிறது. அப்போது பக்கத்தில் நாம் இருக்கமாட்டோம். தன் காலின் அளவு தெரியாமல் அது முதன்முதல் விழும் உயரம் இடுப்பளவாக இராது.

ஐந்து வீட்டுக்கு ஒரு முற்றம்

இன்னொரு விடயம் எம்மை வருத்துகிறது. தாய் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் நாட்களில், நடைபழகும் பிள்ளையைப் பார்ப்பவர் யார்? பல வீடுகளில் எட்டு வயது அக்கா. அவளுடைய பள்ளிக்கூடம் நின்றுவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளையால் தம்பியை விளையாட விட்டுக் காவலும் காக்க முடியாது. ஆகவே அவள் அவனை இடுப்பிலேயே சுமக்கிறாள். ஒரே பழக்கத்தில் இரண்டு பிள்ளைகள் நட்டப்படுகிறார்கள்.

பங்களாதேஷ் கிராமங்களில் நீரில் மூழ்கும் மரணங்களைத் தடுக்க, தாய்மார் வேலையாக இருக்கும் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை சிறு பிள்ளைகளை ஒரு வீட்டில் சேர்த்துப் பார்க்கும் முறையை ஏற்படுத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆஞ்சல்'. சேலைத் தலைப்பு என்று பொருள். நாமும் இதைச் செய்யலாம். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, அடைத்த வேலியும் படலையும் உள்ள ஒரு முற்றத்தைத் தெரிவு செய்யட்டும். ஒரு தென்னங்குற்றி, மணல், தாழக் கட்டிய பழைய ரயர் ஊஞ்சல், சில சிரட்டைகள் போதும். கூலிக்குப் போகாத நாளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் முறைவைத்துக் காவல் இருக்கட்டும். தகப்பன்மாரும் தாத்தாமாரும் இதற்கு விலக்கல்ல. அக்கா பள்ளிக்கூடம் போகட்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விவசாய சங்கம் என்பவற்றின் அடுத்த கூட்டத்தில் இரண்டு விடயங்களை எழுப்புங்கள். எமது குடியிருப்பில் கட்டில்லாத கிணறுகள் எத்தனை? எமது பிள்ளைகள் ஏறி விழுந்து விளையாட ஒரு முற்றம் எங்கே? முதலாவதை எண்ணி, ஒவ்வொன்றாக அடையுங்கள். இரண்டாவதை இந்தப் போகத்துக்குள் கண்டுபிடியுங்கள்.