ஒரு தடவைக்கு ஓர் ஆள்

படை நடந்த பாதையெங்கும் அதன் பின்னே பொதி சுமந்த கால்களும் நடந்திருக்கின்றன. உமணரின் உப்பு வண்டிகளையும் மிளகுப் பொதி சுமந்த கழுதைகளையும் சங்கப் புலவர்கள் நமக்காகக் கண்டு வைத்தார்கள். ஆனால் வேந்தரின் பாசறைக்கு நெல் கொண்டுபோன எருதுகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அரிதான விலக்கு, சேத்தக். 1576-இல் ஹல்திகாட்டிப் போரில் காயம்பட்ட மகாராணா பிரதாப்பைச் சுமந்து வந்து உயிர்விட்டதாக ராஜஸ்தான் மரபு போற்றும் குதிரை அது. பெங்களூரில் கட்டப்பட்ட இலகுரக ராணுவ ஹெலிகாப்டருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள், வென்ற குதிரையைத் தேடாமல், அடிபட்டவனைத் திருப்பிக் கொண்டுவந்த குதிரையை நினைத்தார்களே, அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

அந்த எந்திரத்தின் முன்னோடியும் நம் மண்ணிலிருந்துதான் கிளம்பியது. 1944 ஏப்ரலில் ஜப்பானியர் வசமிருந்த பர்மாக் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. விமானியும் அவர் ஏற்றிவந்த காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மூவரும் அங்கே சிக்கிக்கொண்டார்கள். அஸ்ஸாமின் லாலாகாட்டிலிருந்து அமெரிக்கர் கார்ட்டர் ஹார்மன் ஒரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் புறப்பட்டார். அதில் விமானியைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். வெக்கையில் காற்று மெலிந்து கிடந்தது, என்ஜின் கொதித்தது. ஒரு தடவைக்கு ஓர் ஆளாக, நால்வரையும் அவர் மீட்டார்.

நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1984 ஏப்ரல் 13 அன்று, சியாச்சினில் பிலாஃபோண்ட் லா கணவாய்க்கு அருகே சீட்டா ஹெலிகாப்டர்கள் நம் வீரர்களைச் சிறுசிறு குழுக்களாக இறக்கின. பர்மாவில் வெக்கை செய்ததை இங்கே உயரம் செய்தது. இந்தியாவின் தேவைக்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் வடிவமைத்த எந்திரம் அது. 1972-இல் அதன் பிரெஞ்சு வடிவம் 12,442 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தது. ஆனால் அந்தச் சாதனைக்காரனின் அன்றாடம் என்ன? சில மண்ணெண்ணெய் கேன்கள், கொஞ்சம் ரேஷன், மருந்து, ஒரு கட்டுக் கடிதம். பனியை மிதித்துச் சமப்படுத்திய திட்டில் அது இறங்கும்போது என்ஜினை அணைப்பதில்லை. அணைந்தால் அந்த மெல்லிய காற்றில் மறுபடி உயிர்பெறுமோ என்ற அச்சம். சுழலும் விசிறியின் கீழே குனிந்து ஓடிவருபவர்கள் மூட்டையை இழுத்துக்கொண்டு, நுரையீரலில் நீர்கோத்து மூச்சுத் திணறும் தோழனை அந்த இடத்தில் ஏற்றிவிடுகிறார்கள். மேலே போனது மண்ணெண்ணெய். கீழே வருவது மனிதன். எல்லாம் அரை நிமிட வேலை.

இந்தச் சீட்டாக்களுக்கு ஓய்வு கொடுத்துப் புதியன வாங்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அது நல்லதுதான், வயதேறிய ஒற்றை என்ஜினை நம்பி இளைஞர்களை அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் எந்த எந்திரம் வந்தாலும் அதற்குக் காத்திருப்பது அதே பொதிதான்.

நமக்கும் அந்தப் பொதியில் பங்குண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் மொட்டை மாடியொன்றிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணியை விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. அடுத்த பிப்ரவரியில் சியாச்சினின் சோனம் முகாமைப் பனிச்சரிவு மூடியது. மதராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் புதைந்தார்கள், நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். மீட்கப்பட்ட உடல்கள் வானம் தெளியும்வரை அங்கேயே காத்திருந்தன. தெளிந்த நாளில், அவர்களுக்கு அரிசியும் கடிதமும் கொண்டுபோன அதே வழியில், ஹெலிகாப்டர்கள் அவர்களைக் கீழே கொண்டுவந்தன.