கூடி மூச்சுவிட்ட குற்றம்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயில் பெட்டிக்குள்ளேயே கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். கொன்றவர் யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவர் உயிரோடும் இல்லை. பிறகு எதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 14 பேரை நிறுத்தி, அடுத்த பிப்ரவரி வரை ஒரு வழக்கு நடந்தது? ‘கான்ஸ்பயர்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்காகத்தான்.

லத்தீனில் அதன் வேருக்குக் ‘கூடி மூச்சுவிடுதல்’ என்று பொருள். தலைகள் நெருங்கி, குரல் தாழ்ந்து, ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும் தூரத்தில் பேசுவது. ஆங்கிலத்தில் சதிக்குச் சொற்கள் பல உண்டு. வேலையை அவை பங்கிட்டுக்கொள்கின்றன. ‘பிளாட்’ செய்ய ஒருவரே போதும். தனியாக உட்கார்ந்து திட்டம் தீட்டலாம். ‘கான்ஸ்பயர்’ செய்யக் குறைந்தது இருவர் வேண்டும். போட்டியாளர்களாக இருக்க வேண்டியவர்கள் திரைமறைவில் கைகோத்தால் ‘கொல்யூட்’. டெண்டர் செய்திகளில் பார்க்கலாம். ‘கன்னைவ்’ என்பதைச் ‘சேர்ந்து சதி செய்வது’ என்றே நம் செய்தித்தாள்கள் எழுதிப் பழகிவிட்டன. கண்ணை மூடிக்கொள்வதுதான் அதன் பழைய பொருள். தாமிரபரணியில் இரவில் மணல் அள்ளுகிறவர் செய்வது வேறு, லாரி போவதைப் பார்த்தும் பாராமல் இருக்கும் அதிகாரி செய்வது வேறு. அந்த இரண்டாவது ஆளுக்காகவே இருக்கும் சொல்லை நாம் மழுங்கடித்துவிடக் கூடாது. ‘ஸ்கீம்’ என்றால் தாலுகா ஆபீஸில் அரசுத் திட்டம். அமெரிக்கப் பத்திரிகையில் பெரும்பாலும் மோசடி.

இவற்றில் சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்து ஆட்களைச் சிறைக்கு அனுப்பியது ‘கான்ஸ்பயர்’. இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870இல் 121ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கக் கூடிப் பேசி ஒத்துக்கொண்டாலே குற்றம். அதன்படி எந்தச் செயலும் நடந்திருக்க வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஆஷ் வழக்கின் முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி, ஆஷ் சுடப்பட்டபோது மணியாச்சியிலேயே இல்லை. ஆனாலும் ஏழாண்டு கடுங்காவல். வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ண ஐயருக்கு நான்கு ஆண்டு. வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம், ஜார்ஜ் மன்னரைக் கொல்ல 3,000 பேர் சபதம் எடுத்திருப்பதாகச் சொன்னது. கடைசியில் தண்டிக்கப்பட்டவர்கள் 9 பேர்.

ஆஷ் கொலையை நான் கொலை என்றே எழுதுவேன். மனைவியோடு பயணம் போய்க்கொண்டிருந்த மனிதரைச் சுட்டது அது. கொலைக்குத் திட்டமிடுவதை முன்கூட்டியே தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. என் கவலை வேறு. தோட்டா தடயம் விடும், கத்தி தடயம் விடும், மூச்சு விடாது. செயலே தேவைப்படாத குற்றத்தை எதை வைத்து நிரூபிப்பது? கூடிப் பேசிய அறைக்குள் இருந்த ஒருவர் வெளியே வந்து சொன்னால்தான் உண்டு. ‘கான்ஸ்பயர்’ வரும் வழக்குகளில் அடிக்கடி ‘அப்ரூவர்’ என்ற சொல்லும் கூடவே வருவது இதனால்தான். இந்த வழக்கில் ஆறுமுகம் பிள்ளையும் சோமசுந்தரம் பிள்ளையும் அப்ரூவர் ஆனார்கள். காளி படத்தின் முன் உட்கார்ந்தது, குங்குமம் கரைத்த நீரை வெள்ளைக்காரர் ரத்தம் என்று சொல்லிக் குடித்தது, கட்டைவிரலைக் கீறிச் சத்தியம் செய்தது என்று இன்றும் நாடகத்திலும் மேடைப்பேச்சிலும் கேட்கிற காட்சிகள் அப்ரூவர் வாய்வழி நீதிமன்றத்துக்கு வந்தவை. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. மன்னிப்பு வாக்குறுதி பெற்ற ஒருவர் சொன்னது என்பதை மறந்துவிட்டு, நேரில் பார்த்ததுபோல் நாம் சொல்லிவருகிறோம். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் அந்தப் பையன்களின் கதை முக்கியம் என்றால், அதை யார், எந்த நெருக்கடியில் சொன்னார்கள் என்பதும் முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. ‘நான் கான்ஸ்பயர் செய்கிறேன்’ என்று இயல்பாக யாரும் சொல்வதில்லை. எதிரிதான் எப்போதும் அதன் எழுவாய். வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அதை மூழ்கடிக்கப் பார்த்தது. அந்தக் கம்பெனிக்காரர்களும் ஏதோ ஓர் அறையில் கூடிப் பேசித்தான் முடிவெடுத்திருப்பார்கள். அதற்கு ஆங்கிலம் வைத்திருந்த பெயர் ‘போட்டி’. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலி கொந்தளித்தபோது துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். சுட முடிவெடுத்ததற்குப் பெயர் ‘நடவடிக்கை’. அறையின் கதவு யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு நல்ல வினைச்சொல் கிடைத்துவிடுகிறது.

ஆஷ் வழக்கு முடிந்த மறு ஆண்டு, 1913இல், 120ஏ, 120பி பிரிவுகள் வந்தன. அரசுக்கு எதிரான போருக்கு மட்டுமல்ல, எந்தக் குற்றத்துக்கும் கூட்டுச்சதியே தனிக் குற்றமானது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 61ஆம் பிரிவு. குற்றம் செய்ய ஒத்துக்கொண்டாலே போதும் என்ற உட்கரு மாறவில்லை. எனவே காலையில் ஆங்கிலப் பேப்பரில் ‘கான்ஸ்பயர்ட்’ என்று படித்தால், அடுத்த பத்தியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எதற்கு ஒத்துக்கொண்டார்களாம், அதன்பின் எதைச் செய்தார்களாம், இதையெல்லாம் சொன்னவர் யார். மூன்றாவது கேள்விக்குப் பதில் பல நேரம் செய்தியின் கடைசி வரியில் இருக்கும். சில நேரம் இருக்கவே இருக்காது.