நித்தியகல்யாணி

இராயபுரத்து வீட்டு வாயில்களிலும், திருவொற்றியூரின் மணற்பாங்கான வெளிகளிலும் ஆண்டு முழுதும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. இடுகாடுகளில் மிகுதியும் காணப்படுதலின், சுடுகாட்டு மல்லி என்று இழித்துரைப்பாரும் உளர். இத்துணைப் பழகிய பூ நம் நாட்டதாகவே இருத்தல் வேண்டும் என்றெண்ணி, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களுள் இதனைத் தேடினேன், கண்டிலேன். இதன் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே கடல் சூழ்ந்த மடகாஸ்கர் தீவு என்று பின்னரே அறிந்தேன்.

பழகுதல் வேறு, அறிதல் வேறு. எங்கள் தெருவில் மூதாட்டி ஒருவர், நீரிழிவுக்கு நன்றென யாரோ கூறக் கேட்டு, வெள்ளைப் பூச்செடி ஒன்றன் இலையைச் சின்னாள் மென்று வாந்தியும் மயக்கமும் உற்றார். "தின்றது நித்தியகல்யாணியா, அரளியா?" என மருத்துவர் வினவ, வீட்டார் ஒருவரும் விடை கூறிற்றிலர். யான் ஓடிச்சென்று அச்செடியின் கிளையொன்றைக் கொணர்ந்து காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. அது நித்தியகல்யாணியே. இறையருளால் அவர் பிழைத்தார்.

வேறுபாடு காண்டல் அரிதன்று. நித்தியகல்யாணியின் இலை நீள்வட்டமானது, பளபளப்புடையது, இரண்டிரண்டாய் எதிரெதிரே அமைவது, நடுநரம்பு வெளிறியது. அரளியின் இலையோ நீண்டு ஒடுங்கித் தடித்து, பெரும்பாலும் மும்மூன்றாய் நிற்கும். நித்தியகல்யாணிப் பூவுக்கு இதழ் ஐந்து. நடுவே ஒரு சிறு கண். கீழே மெல்லிய குழல். செடியும் இரண்டு மூன்றடிக்குமேல் உயர்வது அரிது.

செடியை உள்ளவாறு அறிந்துவிட்டால் அச்சமின்றித் தின்னலாமோ எனின், அன்று. கனடா நாட்டில் நோபிள், பியர் என்னும் அறிஞர் இருவர், நீரிழிவு மருந்தெனப் பெயர்பெற்ற இவ்விலையை ஆராயப் புகுந்து, அது இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்தல் கண்டு வியந்தனர். அதனின்று வின்பிளாஸ்டின் என்னும் மருந்தை 1958-இல் பிரித்தெடுத்து வெளியிட்டனர். பின்னர்க் கிட்டிய வின்கிறிஸ்டின் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் பலரைக் காத்துவருகின்றது. ஆயின், அம்மருந்துகள் அளவறிந்து ஊசி வழியே செலுத்தப்படுவன. அளவறியாது உண்ணும் இலையில் அதே ஆற்றல் நஞ்சாகும்.

ஆதலின், நண்பர்காள், ஒன்று கூறுவேன். தமிழ் பயில்வோர் பூவின் பெயரை மட்டும் அறிவோம்; தாவரநூல் பயில்வோர் அதன் உறுப்புகளை அறிவர். இரு திறத்தாரும் ஒருங்கே எண்ணூர்க் கரைவரை நடந்து, அங்குள்ள செடிகளின் வழக்குப் பெயர், அடையாளம், நன்மை, தீமை ஆகியவற்றை எளிய தமிழில் எழுதி வீடுதோறும் அளித்தல் வேண்டும். ஏட்டில் உள்ள 99 பூக்களை ஒப்புவிக்கும் நாம், வாயிலில் உள்ள ஒரு பூவை அறியாதிருத்தல் கல்விக்கு அழகன்று.